71 வயது அப்பாவோடு எகிப்து: பெரிய பிரமிட்டுக்குள் போவதா, சக்காராவுக்குப் போவதா?

மேகலா தோஹா:

வணக்கம். தோஹாவில் ஒரு மருத்துவமனை லேபில் வேலை பார்க்கிறேன். அப்பா ஊரிலிருந்து வந்து என்னோடு இருக்கிறார். வயது 71. சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். பிரமிடு பார்க்க வேண்டும் என்பது அவருக்கு இன்று நேற்று வந்த ஆசை இல்லை. நான் ஆறாவது படிக்கும்போதே பெரிய பிரமிட்டின் பக்க அளவை டைரியில் குறித்து வைத்திருந்தார். சங்கிலி பிடித்து வயல் அளந்த மனிதர். "தூரத்தில் பார்க்கக் கருவி ஒன்றும் இல்லாத காலத்தில், 230 மீட்டர் பக்கத்தை எப்படி நேராகப் பிடித்தார்கள்?" என்று இப்போதும் கேட்பார்.

ஜனவரியில் எனக்கு நான்கு நாள் விடுப்பு கிடைக்கும். கெய்ரோ டிக்கெட் பார்த்துவிட்டேன். சிக்கல் என்னவென்றால், அப்பாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். சமதளத்தில் கைத்தடியோடு நன்றாக நடப்பார். குனிந்து எழுவதுதான் கஷ்டம். டூர் ஆட்கள் அனுப்பிய திட்டத்தில் முதல் நாள் கீசா, பெரிய பிரமிட்டுக்குள் நுழைவு, ஒட்டகம், பப்பைரஸ் கடை. இரண்டாம் நாள் மியூசியம். மூன்றாம் நாள் அலெக்சாண்டிரியா. கெய்ரோவுக்குத் தெற்கே பழைய கல்லறைகள் இருக்கும் சக்காராவுக்கு ஒரு நாள் மாலை இரண்டு மணி நேரம் மட்டும்.

அப்பாவால் பிரமிட்டுக்குள் ஏற முடியுமா? அலெக்சாண்டிரியாவை விட்டுவிட்டு சக்காராவுக்கு அதிக நேரம் கொடுக்கலாமா? அத்தை வேறு போனில், "காசு கொடுத்து யாராவது சுடுகாட்டைச் சுற்றிப் பார்க்கப் போவார்களா?" என்று ஒரு கல்லைப் போட்டுவிட்டார். அப்பா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் மனதில் வைத்திருக்கிறார் என்று தெரிகிறது. போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.


யாழினி:

பிரமிட்டுக்குள் வேண்டாம் என்பது என் கருத்து. நான் 34 வயதில் தஹ்ஷூரில் இருக்கும் சிவப்புப் பிரமிட்டுக்குள் இறங்கினேன். முதலில் வெளியே படிக்கட்டில் ஏறி வாசலை அடைய வேண்டும். அது தரையிலிருந்து 28 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து உள்ளே அறுபது மீட்டருக்கு மேல் சரிவாக இறங்குகிறது வழி. உயரம் ஒரு மீட்டர்கூட இல்லை. பின்பக்கமாகத் திரும்பி, ஏணியில் இறங்குவதுபோல் இறங்கினால்தான் சுலபம். உள்ளே அம்மோனியா நெடி அடிக்கும். அடுத்த மூன்று நாள் தொடை இரண்டும் பிடித்துக்கொண்டு படியில் இறங்க முடியவில்லை. முழங்கால் தேய்மானம் உள்ளவருக்கு நிச்சயமாக முடியாது.

ஆனால் தஹ்ஷூருக்குப் போய் வெளியே நின்று பாருங்கள். கூட்டமே இல்லை. வளைந்த பிரமிடு ஒன்று அங்கே இருக்கிறது. பாதி உயரம்வரை 54 பாகைச் சரிவில் எழும்பி, அப்புறம் 43 பாகைக்கு மடங்கிவிடும். வெளிப்பூச்சுக் கல் இன்னும் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. சர்வேயர் அப்பாவுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.


கல்பட்டறை:

மேகலா, உங்கள் கேள்வியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் பட்டறையில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். போன பிப்ரவரியில் நானும் வீட்டுக்காரியும் போனோம். ஆறு நாளில் மூன்று நாள் சக்காராவிலேயே இருந்தோம். அலெக்சாண்டிரியாவை விட்டுவிடுங்கள். சக்காராவுக்கு ஒரு முழு நாள், காலையிலிருந்து.

முதலில் பெரிய பிரமிடு. யாழினி சொன்னது சரிதான், இதற்கும் அது பொருந்தும். உள்ளே போக ஒரு கரடுமுரடான சுரங்கம், கல்லைக் குடைந்து நுழைந்தது. அதன் பிறகு ஏறும் பாதை, கிட்டத்தட்ட 39 மீட்டர், 26 பாகைச் சரிவு, உயரம் 1.2 மீட்டர். மரப்பலகையில் குறுக்குச் சட்டம் அடித்திருக்கிறார்கள், அதில் கால் வைத்துக் குனிந்தபடி ஏற வேண்டும். மேலே போகிறவர்களுக்கும் இறங்குகிறவர்களுக்கும் அதே வழிதான். என் வீட்டுக்காரி நடுவில் மாட்டிக்கொண்டாள். எதிரே ஒரு பெரிய குழு இறங்கியது. சுவரோரம் ஒண்டி, குத்த வைத்தபடி அவர்கள் கடக்கும்வரை இருந்தாள். வெளியே வந்ததும் முட்டியைப் பிடித்துக்கொண்டு அரை மணி உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு வயது 47.

நான் மேலே போய்விட்டேன், பொய் சொல்ல மாட்டேன், எனக்கு அது வாழ்நாளுக்குப் போதும். மன்னன் அறை முழுக்க சிவப்பு கிரானைட். அஸ்வானில் வெட்டி நைல் வழியாக 800 கிலோமீட்டர் கொண்டுவந்தது. கூரையில் ஒன்பது பாளங்கள், எல்லாம் சேர்ந்து சுமார் 400 டன். உள்ளே மூடி இல்லாத ஒரு கல்பெட்டி மட்டும், ஒரு மூலை உடைந்து கிடக்கிறது. அந்தப் பெட்டி ஏறும் பாதையைவிட அகலம். அப்படியென்றால் அறையைக் கட்டும்போதே பெட்டியை உள்ளே வைத்துவிட்டுத்தான் மேலே கூரை போட்டிருக்கிறார்கள். பெட்டியின் பக்கத்தில் ரம்பம் போன தடம் இருக்கிறது. செப்பு ரம்பமும் மணலும் வைத்து இழுத்தது. ரம்பம் அறுப்பதில்லை, மணல்தான் அறுக்கிறது. ரம்பம் மணலைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். எங்கள் பட்டறையில் கேங்சா என்கிற பெரிய அறுப்பு மெஷினில் ஸ்டீல் பிளேடும் இரும்புத் துகளும் போட்டு அறுத்ததும் இதே முறைதான். நான் கையை வைக்காமல் முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தேன். ஒரு இடத்தில் ரம்பம் தப்பாக உள்ளே இறங்கியிருக்கிறது, மேலே தூக்கிவிட்டு மறுபடி ஆரம்பித்திருக்கிறார்கள். அந்த ஆளை எனக்குத் தெரியும் என்றே தோன்றியது.

சரி, அப்பாவுக்கு வருவோம். இந்தத் தடத்தைப் பார்க்க அவர் குனிந்து ஏற வேண்டியதில்லை. பெரிய பிரமிட்டின் கிழக்குப் பக்கம் போங்கள். அங்கே மன்னனுக்குப் பூசை நடந்த கோயில் ஒன்று இருந்தது. இப்போது தளம் மட்டும் மிச்சம், கறுப்பு பசால்ட் பாளங்கள். வெயில் சாய்ந்து விழும் காலை நேரத்தில் ஓரத்துக் கற்களைப் பாருங்கள், ரம்பத் தடம் கோடு கோடாகத் தெரியும். எல்லாரும் ஒட்டகத்தோடு படம் எடுக்கும் அவசரத்தில் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அப்புறம் அவரை அடிவாரத்தோடு நடக்க விடுங்கள். ஒரு பக்கம் போதும். அந்தப் பிரமிட்டின் பக்கங்கள் உண்மை வடக்கிலிருந்து ஒரு பாகையில் பதினைந்தில் ஒரு பங்குதான் விலகியிருக்கின்றன. அடித்தளம் முழுவதும் இரண்டு சென்டிமீட்டர் அளவுக்குள் மட்டம். நானே தளக்கல் பதிக்கிறவன். லேசர் லெவல் வைத்துக்கொண்டே ஒரு கல்யாண மண்டபத்துக்கு அந்த மட்டம் வரவழைக்கத் தண்ணி குடித்திருக்கிறேன்.

மூன்றாவது பிரமிடு, மென்காவ்ரேயுடையது, சின்னது என்று விட்டுவிடாதீர்கள். அதன் கீழ் வரிசைகள் கிரானைட் உறை. வடக்கு வாசலைச் சுற்றி மட்டும் வழவழப்பாக இழைத்திருக்கிறார்கள், மீதியெல்லாம் புடைப்போடு அப்படியே நிற்கிறது. மன்னன் செத்துவிட்டான், வேலை நின்றுவிட்டது. அதே வடக்குப் பக்கம் மேலிருந்து கீழாக ஒரு பெரிய வெட்டு. 1196 வாக்கில் சலாகுத்தீனின் மகன் பிரமிட்டை இடிக்க ஆள் வைத்தான். எட்டு மாதம் உடைத்தும் அந்த வெட்டுக்கு மேல் அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இப்போது உங்கள் அத்தை சொன்னது. அதைத்தான் நான் முக்கியமாக எழுத நினைத்தேன். எனக்கும் போகும்போது அந்த உறுத்தல் இருந்தது. பெரிய பிரமிட்டுக்குள் நின்றபோது உண்மையிலேயே கூசியது. ஏனென்றால் அந்த அறை யாரும் வரக்கூடாது என்றே கட்டப்பட்டது. கிரானைட் அடைப்புக் கற்களைப் பாதையில் இறக்கி மூடிவிட்டுப் போனார்கள். நாம் நுழைவது அதைச் சுற்றிக் குடைந்த வழி.

ஆனால் சக்காராவில் இருக்கும் அதிகாரிகளின் கல்லறைகள் வேறு. அவற்றுக்கு மஸ்தபா என்று பெயர். அரபியில் மஸ்தபா என்றால் திண்ணை. வெளியே பார்க்க நீளத் திண்ணை போலவே இருக்கும். உடம்பு இருப்பது கீழே, கிணறு போல இறக்கிய குழிக்கு அடியில், மூடி அடைத்து. மேலே இருக்கும் அறைகள் வருகிறவர்களுக்காகக் கட்டியவை. மகன் வருவான், பூசாரி வருவான், வழிப்போக்கன் வருவான் என்று வாசல் வைத்துக் கட்டியவை. இந்த மாதிரிக் கல்லறைகள் பலவற்றின் வாசலில், "பூமியில் உயிரோடு இருப்பவர்களே, இந்த வழியே போகிறவர்களே" என்று கூப்பிட்டு எழுதியிருப்பார்கள். கையில் படைக்க ஒன்றும் இல்லையென்றால் வாயால் சொல்லிவிட்டுப் போ என்று கேட்பார்கள்: ஆயிரம் ரொட்டி, ஆயிரம் குடம் பீர், ஆயிரம் மாடு, ஆயிரம் பறவை என்று. சொன்னால் செத்தவருக்குப் போய்ச் சேரும் என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் அத்தையிடம் சொல்லுங்கள், அங்கே அப்பா சுற்றிப் பார்க்கப் போகவில்லை, கூப்பிட்டவர் வீட்டுக்குப் போகிறார்.

மெரெருகா கல்லறைக்குக் கட்டாயம் போங்கள். தேத்தி என்ற மன்னனின் அமைச்சர், மன்னன் மகளைக் கட்டியவர். முப்பதுக்கும் மேல் அறைகள், நிமிர்ந்தே நடக்கலாம். தூண் மண்டபத்துக்குள் போனதும் எதிரே மாடத்தில் அவருடைய சிலை, ஆள் உயரம், ஒரு காலை முன்னே வைத்து வருகிற மாதிரி. காலடியிலிருந்து படிகள் கீழே இறங்குகின்றன, முன்னால் படையல் கல். வந்தவரை வரவேற்க வெளியே வருகிறார் என்றுதான் எனக்குப் பட்டது. வீட்டுக்காரி அவளாகவே கைகூப்பினாள்.

இன்னொன்று தி என்பவருடைய கல்லறை. பெயரே அவ்வளவுதான், தி. ஐந்தாம் வம்சத்துக்காரர், இரண்டு மன்னர்களின் பிரமிடுகளுக்கு மேற்பார்வையாளர். சுண்ணாம்புக் கல்லில் மெல்லிய புடைப்பாகச் செதுக்கியிருக்கிறார்கள், ஒரு நூல் கனம்கூட இருக்காது. மாடுகள் வாய்க்காலைத் தாண்டும் காட்சி ஒன்று. ஒருவன் கன்றை முதுகில் தூக்கிக்கொண்டு முன்னால் போகிறான். கன்று கழுத்தைப் பின்னால் திருப்பி, தாயைப் பார்த்து நாக்கை நீட்டிக் கத்துகிறது. பின்னால் தாய் வாயைத் திறந்து பதில் கொடுக்கிறது. மாடுகளின் கால்கள் மேல் தண்ணீர் நெளிநெளிக் கோடாக வரைந்திருக்கிறது. கல்லில் வேலை செய்கிறவன் நான், அந்தக் கன்றின் கண்ணருகே உளி போன திசையைப் பார்த்தபடியே நின்றுவிட்டேன். நாலாயிரத்து முன்னூறு, நானூறு வருடம் ஆகிறது. எங்கள் வீட்டில் கன்று போட்ட மாடு கத்துவதும் இதே கத்தல்தான்.

அடுத்து ஜோசர் என்ற மன்னனின் படிப் பிரமிடு, சுமார் 62 மீட்டர், ஆறு அடுக்கு. அவருடைய அமைச்சர் இம்ஹோதெப் கட்டினார் என்கிறார்கள். இதிலும் கல்லைப் பாருங்கள். முதன்முதலில் இவ்வளவு பெரிதாகக் கல்லில் கட்டியவர்கள் என்பதால் கல்லை செங்கல் போலச் சின்னதாக வெட்டியிருக்கிறார்கள். வாசல் மண்டபத்துத் தூண்கள் நாணல் கட்டு மாதிரி, கூரை மரக்கட்டை அடுக்கியது மாதிரி, எல்லாம் கல்லில். மரத்தில் பழகிய கை. அதிலிருந்து ஒரு நூறு வருடத்தில், பெரிய பிரமிட்டைக் கட்டிய மன்னன் கூஃபுவின் கிரானைட் பாளத்துக்குப் போய்விட்டார்கள். வடக்குப் பக்கம் சாய்ந்த ஒரு சின்ன அறை, அதில் இரண்டு ஓட்டை. கண் வைத்துப் பார்த்தால் உள்ளே ஜோசர் சிலை உங்களைப் பார்க்கும். அது நகல், அசல் கெய்ரோ மியூசியத்தில். அங்கே ஒரு பள்ளிக்கூடப் பையன் ஓட்டையில் கண் வைத்துவிட்டு அலறிக்கொண்டு ஓடினான்.

நேரம் இருந்தால் செராபியம். புனிதக் காளைகளைப் புதைத்த சுரங்கம். உள்ளே தளம் சமம், உயரமும் உண்டு, அப்பா நடப்பார். கிரானைட் பெட்டிகள் ஒவ்வொன்றும் ஒரு அறை அளவு, 60, 70 டன். எந்தக் கல்லறை அன்றைக்குத் திறந்திருக்கிறது, எதற்குத் தனிச் சீட்டு என்பதை நுழைவுக் கவுன்ட்டரிலேயே கேட்டுவிடுங்கள். சீட்டுக்குக் கார்டுதான் வாங்குகிறார்கள், ரொக்கம் எடுபடாது. ஆனால் சில்லறை நோட்டு நிறைய வைத்துக்கொள்ளுங்கள், காவலாளிகள் டார்ச் அடித்துக் காட்டிவிட்டு பக்‌ஷீஷ் எதிர்பார்ப்பார்கள். கொடுங்கள். அந்தக் கன்றை எனக்குக் காட்டியது அப்படி ஒரு பெரியவர்தான்.

எங்களைக் கூட்டிப்போன டூர்க்காரர் முதல் நாள் மதியம் முழுவதும் அத்தர்க் கடையிலும் பப்பைரஸ் கடையிலும் உட்கார வைத்துவிட்டார். சக்காராவுக்குப் போய்ச் சேர்ந்தபோது கேட் மூடும் நேரம். அதனால்தான் மறுநாள் நாங்களே கார் பேசிக்கொண்டு போனோம். ஒரு நாள் முழுக்கக் கார் வாடகைக்கு எடுத்தால் காலை சக்காரா, மாலை தஹ்ஷூர், இரண்டும் முடியும்.


சிவநேசன் டொரொண்டோ:

தங்கச்சி, கல்பட்டறை அண்ணர் எல்லாம் வடிவாகச் சொல்லிவிட்டார். நான் மியூசியத்தைப் பற்றி மட்டும். துட்டன்காமன் சாமான்கள் எல்லாம் இப்போது கீசாவில் இருக்கும் புது மியூசியத்தில். அது 2025 நவம்பரில் முழுதாகத் திறந்தது. லிஃப்ட், எஸ்கலேட்டர் எல்லாம் உண்டு, அப்பாவுக்குச் சிரமம் இல்லை.

ஆனால் அரச மம்மிகள் அங்கே இல்லை. 2021 ஏப்ரலில் 22 மம்மிகளை ஊர்வலமாக ஃபுஸ்தாத்தில் உள்ள நாகரிக மியூசியத்துக்குக் கொண்டு போனார்கள். அங்கே கீழ்த்தளத்தில் வெளிச்சம் குறைத்து, கல்லறைக்குள் இறங்குகிற மாதிரி வைத்திருக்கிறார்கள். படம் எடுக்க விடமாட்டார்கள், அது நல்லது. இரண்டாம் ராம்சேஸின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுபாருங்கோ. அவருடைய மூக்குக்குள் மிளகு வைத்துத்தான் பதப்படுத்தினவை. கிறிஸ்துவுக்கு ஆயிரத்து இருநூறு வருடத்துக்கு முந்தி, எங்கள் பக்கத்து மலை மிளகு. அவரைப் பார்த்தபோது எனக்கு அம்மாவின் ரசம்தான் ஞாபகம் வந்தது, கண் கலங்கிப் போனேன்.


மேகலா தோஹா:

எல்லாருக்கும் நன்றி. போய்வந்துவிட்டோம், சொல்லாமல் இருக்கக் கூடாது என்று எழுதுகிறேன்.

டூர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நாங்களே கார் பேசினோம். சக்காராவில் காலை எட்டரைக்கு இறங்கினோம். மெரெருகா சிலை முன்னால் அப்பா செருப்பைக் கழற்றினார். காவலாளி வேண்டாம் என்று கைகாட்டினார், அப்பா சிரித்துக்கொண்டே கழற்றினார். கல்பட்டறை அண்ணா எழுதியதை நான் காரில் வாசித்துக் காட்டியிருந்தேன். அப்பா படையல் கல் முன்னால் நின்று மெதுவாகச் சொன்னார்: ஆயிரம் ரொட்டி, ஆயிரம் மாடு, ஆயிரம் பறவை. பீரை மட்டும் விட்டுவிட்டு, ஆயிரம் குடம் நீராகாரம் என்றார்.

தி கல்லறையில் அந்தக் கன்றை எங்களுக்கு யாரும் காட்டவில்லை, நானே டார்ச் அடித்துத் தேடினேன். கிடைத்ததும் அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, கன்றை இல்லை, தண்ணீருக்குள் தெரியும் மாட்டுக் கால்களைப் பார்த்தார். "வாய்க்கால் முழங்கால் அளவுதான்" என்றார்.

கீசாவில் பிரமிட்டுக்குள் போகவில்லை. கிழக்குப் பக்கம் கறுப்புத் தளத்தில் ரம்பத் தடத்தைத் தொட்டும் தொடாமலும் விரலை ஓட்டிப் பார்த்தார். அப்புறம் தென்கிழக்கு மூலைக்குப் போய், "எண்ணிக்கொண்டே வா" என்றார். தெற்குப் பக்கம் முழுக்க நடந்தார். சர்வீஸில் அவருடைய காலடிக்கு ஒரு அளவு உண்டு, இப்போது முழங்காலால் அது குறைந்துவிட்டது என்று முதல் நாளே ஹோட்டல் வராந்தாவில் நடந்து சரிபார்த்து வைத்திருக்கிறார், எனக்குத் தெரியாது. நான்கு இடத்தில் நின்று தண்ணீர் குடித்தோம். ஒட்டகக்காரர் ஒருவர் கூடவே வந்து, ஏறிக்கொள்ளச் சொன்னார். பிறகு அவரும் பேசாமல் எங்களோடு நடந்தார்.

தென்மேற்கு மூலையில் நான் 424 என்றேன். அப்பா டைரியை எடுத்து, கல்லில் சாய்ந்தபடி கணக்குப் போட்டார். 233 மீட்டர் வந்தது. "மூன்று மீட்டர் கூட. தப்பு என்னுடையது, அவர்களுடையது இல்லை" என்றார். பிறகு அதன் கீழேயே பழைய கணக்கிலும் எழுதினார்: பதினொன்றரைச் சங்கிலி.